அடைப்பு

களக்காட்டு முகாமில் மராமத்து.
சார்ட்டில் பெயர் எழுதச் சொன்னார் ஆசீர் அண்ணாச்சி.
வெள்ளையடிக்கப் பதினாலு பேர்,
ஓடு மாற்ற ஆறு.
கக்கூஸ் அடைப்புக்கு நேரே
வெறும் கோடு.

ஜெபம் நீண்டது.
"எங்களைக் கருவியாக்கும் ஆண்டவரே" என்றபோது
கண்ணைத் திறந்தேன்.
ஸ்வீட்லின் அக்கா
துப்பட்டாவை இடுப்பில் முடிந்து
மூங்கில் தப்பையோடு
போய்க்கொண்டிருந்தாள்.

ஆமெனுக்கு முந்தி
நான் வாளியைத் தூக்கினேன்.

தோள்வரை கையை விட்டாள்.
ஒற்றை ரப்பர் செருப்பு வந்தது,
கொஞ்சம் செம்மண்,
பிறகு கட்டோடு
போன மே மாதத்து
ஒப்புக்கொடுத்தல் அட்டைகள்.
ஊறிக் களியாகியும்
"இன்றுமுதல் நான்" வரைக்கும்
அச்சு அழியவில்லை.

"எந்தப் பய வேலைல இது?
கீழ பேரு தெரியுதா பாரு."

பார்த்தேன்.
நீல மை.
"தெரியலைக்கா."

ஊற்றினேன்.
மடமடவென்று இறங்கிற்று
தண்ணீர்.