தொண்ணூற்றைந்து புள்ளி ஆறு

ஆய்வகக் கண்ணாடித் தட்டு உடைந்த மறுநாள்
காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடிக்குப் பஸ் ஏறினேன்.
பூக்கல் வார்க்கிற பட்டறையில்
ஈரச் சிமெண்டுக்கு முகம் கொடுத்துக் கிடந்தவற்றுள்
கழித்துப்போட்ட ஒன்றை விலைக்குக் கேட்டேன்.

“இதுல என்னத்த ஊத்தப் போறீக?” என்றார் சவரிமுத்து.
“பசை மாதிரி ஒண்ணு. காஞ்சா முடியவிட மெலிசு.”
“அத வச்சு?”
“சாராயத்துலேர்ந்து தண்ணியப் பிரிப்போம்.”
பட்டறையே கரண்டியைக் கீழே வைத்துச் சிரித்தது.
“இந்தப் பக்கம் சேக்குறதுக்குத்தான் ஆளு உண்டு!”

உண்மைதான்.
காய்ச்சிப் பிரிக்கலாம், நூற்றில்
தொண்ணூற்றைந்து புள்ளி ஆறு வரை.
அதன்பின் இரண்டும்
ஒரே கொதியில் எழுந்து
ஒரே ஆவியாகப் போகும்,
எத்தனை முறை காய்ச்சினாலும்.

மானியம் கேட்டு எழுதிய தாளில்
வழிகாட்டி அன்னப்பறவையைச் சேர்த்திருந்தார்.
அடித்துவிட்டேன்.
இது பறவை இல்லை, சல்லடையும் இல்லை.
கண்ணுக்குத் தெரிகிற துளை ஒன்றில்லாத படலம்
தண்ணீரைத் தனக்குள் கரைத்துக்கொண்டு
கீழே வெற்றிடம் இழுக்கிற பக்கம்
ஆவியாய் விட்டுவிடும்.
சாராயத்தின் மேல் அதற்கு அத்தனை பிரியமில்லை.

பிரியம் மிஞ்சினாலும் கெடுதல்.
குடித்துக் குடித்து ஊதிய படலம்
எதையும் தடுக்காது.
மார்கழியில் மூன்று அப்படிப் போயின.
அதனால் இழைக்கு இழை முடிச்சுப் போட்டோம்,
கண்ணைக் கரிக்கும் ஒரு திரவத்தில் ஊறவைத்து.
முடிச்சு கூடினால்
தண்ணீரும் வாசலிலேயே நின்றுவிடும்.

வியாழனன்று உரித்தபோது
வெளிச்சத்தில் ஒரு வளைந்த கோடு.
ஏதோ ஒரு பூவிதழுக்கு
அச்சு அழுந்திய கீறல்.
“தூக்கிப் போடு,” என்றாள் உமையாள்.
போடாமல் கலத்தில் பூட்டினேன்.

இரவு பத்தேகாலுக்குக் கரண்ட் போனது.
செக்காலை ரோடு வரைக்கும் இருட்டு.
ஜெனரேட்டர் இருமி எழும் மட்டும்
போடாதே என்றவளே
வால்வை இரு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.
திரவ நைட்ரஜன்
எங்கள் கால்மேல் புகைந்து இறங்கியது.

விடியலில்
குளிர்ப்பொறியில் உறைந்ததை உருக்கி நிறுத்தோம்.
ஒன்று புள்ளி ஏழு கிராம்.
மூக்கருகே கொண்டுபோனேன்.
“வாசமே இல்ல.”
“உனக்கு மூணு நாளா ஜலதோஷம்,” என்றாள்.
அவள் முகர்ந்தாள்,
முகத்தில் எதையும் காட்டவில்லை.

கருவி அறைச் சாவி
ஒன்பது மணிக்குத்தான் வரும்.
அதுவரை இது தண்ணீர்.