பசித்த வேர்

வூச் என்றால் படகு என்று பொருள்.
எங்கள் நகரத்தில் ஆறு இல்லை.
இருந்த ஓடையையும் ஆலைகள் குழாய்க்குள் தள்ளி மூடிவிட்டன.
டிராம் பணிமனைக்குப் பின்னால்
எனக்கு வாய்த்த முந்நூறு சதுர மீட்டரில்
தோண்டினால் நிலக்கரிச் சாம்பல், செங்கல் துண்டு,
ஒருமுறை
சாயப்பட்டறை நீலம் ஏறிய பொத்தான் ஒன்று.

முதல் வருடம் அள்ளிக் கொட்டினேன்.
எலும்புத் தூள், கோழி எரு,
'தக்காளிக்கு' என்று எழுதியிருந்த எல்லா மூட்டையும்.
அதோடு, ஒரு வார ஓவர்டைம் காசுக்கு,
சின்னப் பொட்டலம் பூஞ்சைத் தூள்.
உயிருள்ளது, வெயிலில் வைக்காதே என்றது உறை.
செடி என் தோளுக்கு வந்தது.
இலை, இலை, இன்னும் இலை.
காய் பதினொன்று.
நாலுக்கு அடி கறுத்திருந்தது.

அக்டோபரில் ஒன்றைப் பிடுங்கி
வேலிக்கு அந்தப் பக்கம் கோர்னெலிடம் நீட்டினேன்.
வேளாண் ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவுகிறவர்.
வேரை வினிகரிலும் பேனா மையிலும் ஊறவைத்து
நுண்ணோக்கியில் பார்த்தாராம்.
"ஒரு இழைகூட உள்ளே வரவில்லை."
பொட்டலம் முழுக்கப் போட்டேனே?
"உன் வேருக்குப் பசியில்லை, லுத்விகா.
பாஸ்பரஸ் கழுத்துவரை இருக்கிறது.
பசிக்காத வேர் யாரையும் கூப்பிடாது."

அன்றிரவு கடைசி டிராமில் மூன்று பேர்.
க்தினியாவில் இருக்கும் மகனை நினைத்தேன்,
மாதாமாதம் நான் அனுப்பும் பணத்துக்கு
'வந்தது' என்று அவன் எழுதும் ஒற்றைச் சொல்லை.
பிறகு என்னையே அதட்டினேன்.
மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே.
வேர் வேர். மகன் மகன்.
அடுத்த நிறுத்தத்தில் கதவு திறக்க மறந்துபோனேன்.

கொட்டியதைத் திரும்ப எடுக்க முடியாது.
மறுகோடியில், நான் கெடுக்காத மண்ணில்,
புதுப் பாத்தி.
பூங்காவிலிருந்து மக்கிய இலைச்சருகு, இரண்டு சாக்கு.
குளோரின் போகட்டுமென்று
குழாய்த் தண்ணீரை வாளியில் இரவெல்லாம் வைத்தேன்.
நாற்றின் வேரை நனைத்து, தூளில் புரட்டி நட்டேன்,
மீனுக்கு மாவு தடவுவது போல.
தூள் வேரைத் தொட வேண்டும்,
பக்கத்தில் கிடந்தால் போதாது.

ஜூனில் இலையடியில் ஊதா ஓடியது.
கொட்டகையில் அரை மூட்டை எலும்புத் தூள் இருந்தது.
கை துறுதுறுத்தது.
மூட்டையைத் தூக்கிப் போய்
கோர்னெலின் ரோஜாக்களுக்குக் கொடுத்துவிட்டேன்.
அவர் அதைப் பற்றி இன்றுவரை பேசவில்லை.

ஜூலை மழை.
வரிசை வரிசையாகத் தோட்டங்கள் கருகின.
எல்லோரும் நீலத் துத்தம் அடித்தார்கள்.
நான் செடியடியில் பழைய செய்தித்தாள் விரித்து
இலைக்கு மட்டும் அடித்தேன்,
கீழே ஒரு சொட்டும் போகாதபடி.
மேலே கொல்ல, கீழே காக்க:
முதுகு ஒடிந்தது.
ஒன்பதில் இரண்டு செத்தன.

மிச்சம் ஏழு காய்த்தன. எண்ணவில்லை.
பழம் சின்னது, தோல் தடித்தது.
உப்பில்லாமல் தின்றேன்,
சட்டையில் ஒழுக ஒழுக.

இந்த அக்டோபரில் அவர் என்னையே பார்க்கச் சொன்னார்.
முதலில் ஒன்றும் தெரியவில்லை, என் இமைமுடிதான்.
பிறகு, வேரின் ஒரு செல்லுக்குள்
கிளை விட்ட மரம், இலையுதிர்ந்த மரம் போல, நீலமாய்.
பக்கத்து அறையிலும் ஒன்று.
அதற்கடுத்தது காலி.
அதற்கடுத்ததில் மறுபடி.

என் மூச்சில் கண்ணாடி மங்கிற்று.
துடைத்துவிட்டுக் குனிந்தேன்.
"சீக்கிரம்," என்றார் கோர்னெல்.
"குடுவைகள் கிடக்கின்றன."