உளையுது

பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும்
எத்தனை வலிக்கிறது?
காலை ஆறு மணிச் சுற்றில்
கேட்டுக்கொண்டே போவேன்.
கையில் அட்டை. அட்டையில் ஆறு முகம்,
சிரிப்பில் தொடங்கி அழுகை வரை.
ஆறுக்குமே முடியில்லை,
எங்கள் வார்டுக்கென்றே வரைந்ததுபோல்.

ஆண்கள் பக்கம், துறைமுகத்தில் அதிகாரியாயிருந்தவர்
"ஒன்பதரை" என்பார்.
அந்த அரை எங்கே வலிக்கிறதென்று யாரும் கேட்டதில்லை.
பெரிய டாக்டரின் கைப்பேசி எண் இருந்தது அவரிடம்.
மார்ஃபின் வர
ஒரு காபி ஆறும் நேரம்.

பதினாலாம் கட்டிலில் தவமலர்.
புழல் முகாம். இடது மார்பை எடுத்தாகிவிட்டது.
"மூண்டு போடுங்கோ."
நேற்றும் மூண்டு.
தலையணை உறையைக் கடித்துக் கிழித்த அன்றைக்கும்
மூண்டு.
ஏனக்கா என்றால்,
"பத்தெண்டு சொன்னால் மறிச்சு வைப்பீங்கள்.
ஞாயிறு தணிக்கை. ஆள் நிக்காட்டில்
காசை வெட்டிப்போடுவாங்கள்."

ஒரே ஒருநாள், இரவு இரண்டு மணிக்கு
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
"உளையுது பிள்ளை. விடிய விடிய உளையுது."
நான் மதுரவாயலில் பிறந்தவள்.
தமிழுக்குத் தமிழ்
மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா?
மன உளைச்சல் என்று எழுதினேன்.
அதன் கீழே: உறக்கமில்லை, அழுகிறார், கணவர் உடன் இல்லை.
மனநல ஆலோசகர் வந்தார்,
நான்கு எண்ணி மூச்சை இழுக்கச் சொன்னார்.
தூக்க மாத்திரையில் பாதி.

பதினோரு நாள்.

ஸ்கேனில் இடுப்பெலும்பு
கரையான் தின்ற நிலைச்சட்டம்.
பெரிய டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"மனசுன்னு எழுதினது யாரு?"
நீல மையில், குண்டு குண்டாக,
என் கையெழுத்து.

அவள் ஊரில் எலும்பு உளையும், கால் உளையும்.
எங்களுக்கு மனசு மட்டும்தான் உளையும்,
அதுவும் சொல்வது பெண் என்றால்
வேறெங்கும் தேடமாட்டோம்.

மருந்து இறங்கி அரைமணிக்கெல்லாம்
முதன்முறையாக அவள் தாடை தளர்ந்தது.
மன்னிப்பு கேட்கத்தான் கட்டிலருகே நின்றேன்,
வார்த்தை அகப்படவில்லை.
பதினோராவது மணி நேரம். மாதவிலக்கின் இரண்டாம் நாள்.
செருப்பு வாரில் பிதுங்கிக் கிடந்தது பாதம்.
அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"நிண்டு நிண்டு கால் உளையேல்லையோ பிள்ளை?"

"இல்லக்கா," என்றேன்.
"பரவால்ல."