சாட்சிக் கையெழுத்து

கிராம நிர்வாக அலுவலர்
பைக் டேங்க்கின் மேல் காகிதத்தை விரித்துக்கொண்டு கேட்டார்:
நேரில் பார்த்தது யார்?
எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.
அடுத்த வீடு என்றால் அப்படித்தான்.
நடுவில் ஒரு பூவரச வேலி.
அதற்கடியில், ஒரு முழ அகலத்தில்,
நாலு வருஷமாய் நாங்கள் பேசாமலிருக்கக் காரணமான சாக்கடை.

எத்தனை மணிம்மா?
பதினொன்றரை இருக்கும் என்றேன்.
நாய் குரைத்தது, திருடனுக்குக் குரைப்பது போல் இல்லை.
எழுந்து வந்தால்
வாசல் முழுக்கச் சாயங்கால வெயில்.
காலையில் போட்ட கோலத்தின் புள்ளிகளை
எண்ணிவிடலாம் போலிருந்தது.

இரவு 11.30 என்று எழுதிக்கொண்டார்.

தவமணி தெருவில் நின்றாள்.
தோளில் தூக்கம் கலையாத பையன்,
கையில் எதற்கோ ஒரு சைக்கிள் பம்பு.
வீட்டில் அத்தனை சாமான் இருக்க
அதை ஏன் எடுத்தாள் என்று
அவளுக்கே தெரிந்திருக்காது.
உத்திராபதி கொல்லையில் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.
கீற்று எரிகிற சத்தம்
பெருமழை நெருங்குகிற சத்தம்.
ஒரு நொடி, மழைதான் என்று
கொடியில் கிடந்த துணியைப் பார்த்தேன்.

மேட்டூர் திறக்கப் பதினாறு நாள் இருந்தது.
கோரையாறு வெறும் மணல்.
வாய்க்காலைத் தூர்வாரி அள்ளிப்போட்ட சேறு
ரோட்டில் ஆள் உயரத்துக்குக் காய்ந்து கிடந்தது.
திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்த வண்டி
அதற்கு அந்தப் பக்கம் நின்று
சைரனை மட்டும் அனுப்பியது.
பையன்கள் மண்வெட்டியோடு ஓடினார்கள்.
மோட்டார் போடலாமே என்பீர்கள்.
மும்முனைக் கரண்ட் விடியற்காலைதான்.
என் வீட்டுத் தொட்டி இருந்தது,
அதிலும் பாதி.

இதுவரைக்கும் சொன்னேன்.
இனிமேல் அவர் கேட்கவில்லை.

காற்று மேற்கிலிருந்து வந்தது.
நான் கிழக்கே இருக்கிறேன்.
முதல் குடத்தை
என் கூரைமேல்தான் வீசினேன்.
இரண்டாவதையும்.
மூன்றாவதை வீசும்போது திரும்பினேன்,
தவமணி பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவள் முகத்தில் கோபம் இல்லை.
இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.
நாலாவது குடத்தோடு
வேலியைப் பிய்த்துக்கொண்டு போனேன்.
விட்டம் அப்போது விழுந்தது.

இன்னொன்று.
குறுவைக்கு வைத்திருந்த விதைநெல்,
மூன்று மூட்டை, கோ ஐம்பத்தொன்று.
சாக்கு வெடித்து
உள்ளே படபடவென்று பொரிந்தது.
நெருப்புக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாய்த் துள்ளி வந்து
என் காலடியில் விழுந்தது.
ஆயுத பூசைக்கு முதல்நாள்
பொரிக்கடை வாசலில் அடிக்கும் வாசனை.
என் வாயில் எச்சில் ஊறியது.
ராத்திரி வயிறார உண்டிருந்தேன்.
பசியில்லை.
ஆனாலும் ஊறியது.
அங்கேயே நின்று விழுங்கினேன்.

கொசுவத்தி என்றது ஒரு வாய்.
வயர் என்றது ஒரு வாய்.
யாராவது வைத்திருப்பார்கள் என்று தொடங்கிய வாய்
என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டது.
மின்கசிவு என்றே போட்டுவிடுவோம் என்றார் அலுவலர்.
ரேஷன் கார்டு கேட்டார், ஆதார் கேட்டார்.
உத்திராபதி சாம்பலைக் கை காட்டினான்.
சாட்சி ஒன்று, க. அமிர்தவல்லி.
வல்லியின் கடைசி எழுத்து
கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

மறுநாள் பொழுதிறங்கும் நேரத்தில்
தவமணி என் வீட்டுக் குழாய்க்கு வந்தாள்.
அவள் அக்கா கொடுத்த சேலை, கணுக்காலுக்கு மேலே நின்றது.
குடம் நிறையும்வரை ஒன்றும் பேசவில்லை.
இடுப்பில் ஏற்றிக்கொண்டு,
நாலு வருஷத்துக்கு அப்புறம்,
“உங்க கூரை காஞ்சிருச்சா?” என்றாள்.

அக்கறையா ஊசியா என்று
இன்றைக்கும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

“காஞ்சிருச்சு” என்றேன்.
“இன்னொரு குடம் பிடிச்சுக்க.”

வேலிக்கு அந்தப் பக்கம்
சாம்பலைக் கிளறி
என் கோழிகள் பொரி பொறுக்கிக்கொண்டிருந்தன.
அவள் விரட்டவில்லை.
நானும் கூப்பிடவில்லை.