நான்காயிரம் கெல்வின்

பாலஸ்டியர் சாலையில் மதியம் இரண்டு மணிக்கு
முந்நூறு விளக்குகள் எரிகிற கடைக்குள் நுழைந்தோம்.
வெளியே வெயில் வீணாகிக்கொண்டிருந்தது.

கையில் தெங்கா வீட்டின் வரைபடம்,
பதினோரு இடங்களில் சிவப்புப் பேனா வட்டம்.
வீவக சாவி தர இன்னும் மூன்று வாரம்.
அண்ணாந்து ஒருமுறையும் பார்க்காத கூரைக்கு
விளக்கு வாங்க வந்திருந்தோம்.

மேடம் செங் ஒரே விளக்கின் சுவிட்சை
மூன்று முறை தட்டிக் காட்டினார்.
ஒரு தட்டு, பகல்வெள்ளை. இன்னொன்று, மஞ்சள்.
மூன்றாவதில் இரண்டுக்கும் நடுவே ஏதோ.
"ஆறாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம், நான்காயிரம்."
விலை சொல்கிறார் என்று நினைத்து
மதியழகன் அரை அடி பின்வாங்கியது
எனக்கு மட்டும் தெரியும்.
கெல்வினாம்.

அவனுக்கு மஞ்சள்தான் வேண்டும்.
காரணம் கேட்டால் பாத்தாம் என்பான்.
கல்யாணமான மாதம் அங்கே ஒரு ஹோட்டலில் இரண்டு இரவு,
சுவரில் பித்தளைக் கழுத்து வளைந்த விளக்கு.
அதன் கீழே நான் வேறு யாரோ மாதிரி இருந்தேனாம்.
பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன், அப்போது.

எனக்கு மஞ்சள் வேண்டாம்.
உட்லண்ட்ஸில் என் வேலையே மஞ்சள் அறையில்.
சிலிக்கான் வட்டின் மேல் தடவிய பூச்சுக்கு
நீல ஒளி ஆகாது. அதனால் எங்களுக்கும் ஆகாது,
பன்னிரண்டு மணி நேரம்,
கண் மட்டும் தெரிகிற அங்கிக்குள்.
அங்கே மஞ்சள் பேனாவில் கோடு போட்டால்
தாளில் கோட்டைக் காணோம்.
காமாலை வந்தாலும் இங்கே யாருக்கும் தெரியாது
என்பாள் பக்கத்து மெஷின் ரோஸ்னானி.

வேலை முடிந்து வெளியே வந்தால்
பேருந்து நிறுத்தம், மழைமரம், என் புறங்கை
எல்லாம் கொஞ்ச நேரம் நீலமாக இருக்கும்.
அதை யாரிடமும் சொன்னதில்லை.
கடையில் சொன்னேன். அவனிடம் அல்ல,
மேடம் செங்கிடம், விலை கேட்கிற ஆங்கிலத்தில்.
அவர் கேட்டபடியே ஏணியை நகர்த்தினார்.
"அப்ப மூணு நிறம் உள்ளதா எடு, சண்டையே வராது லா."

எடுத்தோம். கூடத்துக்கு நான்கு.
சமையலறைக்குப் பகல்வெள்ளை, அதில் பேச்சே இல்லை,
மிளகாய் கருகுவது தெரிய வேண்டும்.
குளியலறைக்கு ஈரம் புகாதது.

படுக்கையறைச் சுவருக்குத்தான் நேரம் பிடித்தது.
பித்தளைக் கழுத்து ஒன்று தொங்கியது, எழுபத்தெட்டு வெள்ளி.
ஜோடியாக எடுத்தால் நூற்றுநாற்பது.
ஆனால் சுவரை வெட்டி இன்னொரு பாயிண்ட் இழுக்க
எலெக்ட்ரீஷியனுக்குத் தனியே எண்பத்தைந்து.
ஒன்று போதும் என்றோம், இருவரும் ஒரே சமயம்.
கட்டிலில் யார் பக்கம் என்று
அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

குடிபோன ஆறாவது வாரம்
கூடத்து விளக்குகள் ஒன்றுக்கொன்று பிசகிவிட்டன.
யாரோ அவசரத்தில் அணைத்து உடனே போட்டிருக்கிறோம்.
தட்டினால் நான்கும் நிறம் மாறுகின்றன,
ஒன்று மட்டும் ஒரு தட்டு பின்தங்கியே.
கடைக்குப் போன் செய்து கேட்கலாம் என்றேன்.
செய்யலாம் என்றான்.

காலை எட்டேகாலுக்கு நான் வரும்போது
அவன் வேலைக்குப் போயிருப்பான்,
கூடம் எரிந்துகொண்டிருக்கும்.
மறதி என்று நினைத்தேன்.
மின்கட்டணம் பற்றி இரண்டு நாள் பேசினேன்.
பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன்.
சாப்பாட்டு மேசைக்கு மேலே பகல்,
மற்ற மூன்றும் மஞ்சள்.
மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும்.
எத்தனை முறை தட்டி அப்படி நிறுத்துகிறான் என்று
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மூடிவைத்த தட்டைத் திறக்கிறேன்.
வெள்ளைவெளேரென்று எலுமிச்சைச் சோறு.
மஞ்சள்தூளை மறந்தானா, விட்டானா,
கேட்க வேண்டும்,
மாலை நான் கிளம்புவதற்குள் வந்தானென்றால்.