வெள்ளிக்கிழமை நடை

இடுப்புக்கு ஒன்று, மணிக்கட்டுகளுக்கு இரண்டு.
ஏழு நாள் கட்டியிருந்த பட்டைகளை
மேசைமேல் வைத்தார் ஹில்லார்.
முப்பத்தோராண்டு டார்ட்டு நகரப் பேருந்து ஓட்டியவர்.
கையெழுத்து எறும்புச் சாரையாய்ச் சுருங்கவே
எங்களிடம் வந்தவர்.

நோயாளிகளை நான் அதிகம் பார்ப்பதில்லை.
அவர்களுடைய கோடுகள்தான் என்னிடம் வரும்.
நடந்தால் மலைத்தொடர்,
உட்கார்ந்தால் உழாத நிலம்,
கை நடுங்கினால்
நொடிக்கு ஐந்தாக நெருக்கிப் போட்ட தையல்.

திங்கள் முதல் வியாழன்வரை அவரேதான்.
சமையலறை வாசலில் கால் ஒட்டிக்கொள்கிறது.
பதினொரு நொடி.
பிறகு பழைய பேருந்தின் முதல் கியர்போல்
ஒரு குலுங்கல், புறப்பாடு.
மாத்திரை ஏறும் நேரம், இறங்கும் நேரம்
எல்லாம் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை நடுக்கம் இல்லை.
சனி ஞாயிறும் இல்லை.
மருத்துவர் லீஸ்பெட் நாற்காலியோடு சுழன்றார்:
"புது அளவு பிடித்துவிட்டது!"
பிடித்திருக்கலாம்.
ஆனால் இது குதிகாலை முதலில் ஊன்றும் நடை.
அதிகாலை ஐந்துக்கு எழுந்து
படியிறங்கி எழுபது அடி போய்
இரண்டு முறை குனிந்து
(பறவைகளுக்கு ஏதோ போடுகிறதா?)
திரும்பி வரும் நடை.

கேட்டேன்.
ஹில்லார் ஜன்னலைப் பார்த்தார்.
எமயோகி ஆற்றில் பனிக்கட்டி
அன்றுதான் விரிசல்விடத் தொடங்கியிருந்தது.
"ஓட்டுநர் உரிமம்," என்றார்.
"இதைப் பார்த்துத்தானே பிடுங்குவீர்கள்?"
மனைவி மாய்மு சிரித்துவிட்டார்.
"நான்தான் கட்டிக்கொண்டேன்.
எனக்கென்ன, நன்றாகத்தானே நடக்கிறேன்."
காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளைகள்போல்
தோளோடு தோள் இடித்துக்கொண்டார்கள்.
லீஸ்பெட்டுக்கும் சிரிப்பு.
இன்னொரு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
நடந்தால் கை வீசும்,
யாரும் சொல்லித்தராமலே.
அந்த மூன்று நாளும்
வலக்கை ஊஞ்சலாடியது.
இடக்கை
ஆளில்லா ஊஞ்சல்.
பை தூக்கியிருப்பார்.
மூன்று நாளுமா?
விடியற்காலை ஐந்துக்குமா?

ஒப்புதல் படிவத்தில் அந்த அம்மாவின் பெயர் இல்லை.
யாருடையதென்று தெரியாத தரவுக்கு
'செல்லாது' என்று குறிக்க வேண்டும்.
குறித்தேன்.
அழிக்கவில்லை.
லீஸ்பெட்டிடம் சொல்ல நினைப்பதற்குள்
அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

நடைக்கூடத்தில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.
ஹில்லார் தேய்த்துத் தேய்த்து,
அந்த அம்மா வலக்கையால் அவரைப் பிடித்தபடி.
இடக்கை மேலங்கிப் பைக்குள்.
வெப்பமூட்டி முழுவேகத்தில் எரிகிறது,
எனக்கே வியர்க்கிறது.

"மாய்மு," என்றேன்.

இருவருமே திரும்பினார்கள்.
அவர் ஏழு சின்ன அடிகளில்.
மாய்மு ஒரே சுழற்சியில்,
முகமெல்லாம் இன்னும் அந்தத் திருட்டுச் சிரிப்பு,
கை மட்டும்
வெளியே வராமல்.