நிலைக்கு மரம்

பாலை என்று வாயெடுத்ததும்
நஸீர் விரலை மடக்கி விலையைக் காட்டினான்.
தொட்டுப் பார்த்த கையை எடுத்துக்கொண்டேன்.
"தண்ணியில போட்டா தாழும், அக்கா.
தண்டவாளத்துக்குக் கீழ
நாப்பது வருசம் மழையில கெடந்ததக் கழட்டி அறுத்தோம்,
உள்ள செம்மண் நெறம் அப்பிடியே."

இருக்கட்டும். என் வாசலில் ரயில் ஓடாது.
ஏழு பேர்ச் காணி, ஒரே கதவு,
ஆறடி ஆறங்குலம் உயரம்.

பலா சுவரோரம் சாய்ந்திருந்தது,
அறுத்த அன்று மஞ்சள்,
நாள்பட்டால் தேயிலைச் சாயம்.
கறையான் அண்டாது. ஆனால்
ஒரு பலா விழுவதற்கு முன்
பிரதேச செயலகத்தில் கையொப்பங்கள் விழவேண்டும்,
அதற்கும் சேர்த்துத்தான் விலை.

மஹோகனி வழவழப்பு;
என் தங்கச்சி பங்களாவில் தினமும் துடைக்கும் மேசை.
சாவண்டலை வளையும், முறியாது,
சாராயப் பீப்பாய்க்கு அதுதான் என்றான்.
என் வீட்டுக்காரருக்கு
அந்த மரத்தோடு ஏற்கெனவே நல்ல பழக்கம்.

அப்போதுதான் வாள் அலறியது.

சுவிட்சை அடித்துவிட்டு ஓடினான் நஸீர்.
கிராண்டிஸ் மரம். வயிற்றுக்குள் ஒரு தகரத்துண்டு, ஆணியோடு:
எட்டாம் நம்பர் மலை, 214.
மரம் அதை விழுங்கி
மேலே பட்டையும் போர்த்திக்கொண்டு வளர்ந்திருக்கிறது.
இரும்பு பட்ட இடமெல்லாம் நீலக்கறுப்பு,
அடிபட்ட தொடை மாதிரி.

விஜேபால முதலாளி சிங்களத்தில் திட்டினார்,
மரத்தையா, தோட்டத்தையா,
மூன்று பல் போன வாளையா தெரியவில்லை.
"இது யாருக்கும் வேணாம். அரை வெல."

கால் விலை என்றேன்.
ஆணி நான் அடித்ததில்லையே.

எட்டாம் நம்பரில் இருபத்தாறு வருசம்
கொழுந்தெடுத்தவள் நான்.
மழைக்கு அந்த மர வரிசையில்தான் ஒதுங்குவோம்.
அதை அவரிடம் சொல்லவில்லை,
சொன்னால் விலை ஏறிவிடும்.

"அவசரப்பட்டுக் காயவச்சா
நுனி பொளந்திரும்," என்றான் நஸீர்.
"இந்த மூடுபனியில மூணு மாசம் நெழல்ல அடுக்குங்க,
எடையில குச்சி வச்சு.
நுனிக்குப் பழைய பெயின்ட் பூசுங்க."

மூன்று மாசம்தானே.
லயத்தில் கதவும் கம்பனியுடையது,
பூட்டு மட்டும்தான் எங்களுடையது.

ஆணித் துவாரம் தாழ்ப்பாளுக்கு வருமா என்று
பலகையை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தேன்.
நாலங்குலம் கீழே நின்றது.
பரவாயில்லை, இறக்கியே போடலாம்.
நானும் குட்டைதான்.